எல்லா டைப்-சியும் ஒண்ணுதான்னு சொன்னவன் நான்தான்

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கறது ஒரு காரணம். இன்னொரு காரணம், எழுத உட்கார்ந்தா இந்த ஒரு விஷயம்தான் முன்னாடி வந்து நிக்குது. அதை எழுதினா என் முட்டாள்தனத்தையும் சேர்த்து எழுதணும். சரி, மானம் போனா போகட்டும்.

என் சித்தி பையன் கோவில்பட்டியில கல்யாண ஆல்பம் டிசைன் பண்றான். முகூர்த்த நாள்ல கேமராவைத் தூக்கிக்கிட்டு மண்டபத்துக்கும் போவான். சொந்தமா சம்பாதிச்ச காசுல, மாசத் தவணை போட்டு, போன வருஷம் ஒரு ஒல்லி லேப்டாப் வாங்கினான். பார்க்க அழகு, கையில எடுத்தா பூ மாதிரி இருக்கும். இடது பக்கம் ஒரு டைப்-சி, வலது பக்கம் ஒரு டைப்-சி, ஹெட்போன் குத்த ஒரு துளை. அவ்வளவுதான். ஹெச்டிஎம்ஐ இல்லை, கேமரா கார்டு போட இடம் இல்லை, சாதா யூஎஸ்பி இல்லை. அவன் தொழிலுக்கோ கார்டும் வேணும், ஹார்ட் டிஸ்கும் வேணும், பெரிய மானிட்டரும் வேணும்.

போன் பண்ணினான். "அண்ணே, ஹப்னு ஒண்ணு விக்காங்களே, எதை வாங்கட்டும்?"

எனக்கு அப்போ ரிலீஸ் டென்ஷன். "ஏதாவது ஒண்ணை வாங்குலே. டைப்-சிதானே, எல்லாம் ஒண்ணுதான்" அப்படின்னு சொல்லி வச்சுட்டேன். இன்ஜினியரிங் படிச்சு முடிச்சு ஏழு வருஷமா பொட்டி தட்டுறவன் சொன்ன அறிவுரை இது. நல்லா கவனிச்சுக்கோங்க.

அவனும் நெட்ல பார்த்து 1,800 ரூபாய்க்கு ஒரு ஹப் வாங்கினான். முதல் நாளே மறுபடி போன். வலது பக்கம் சொருகினா மானிட்டர்ல படமே வரலை. இடது பக்கம் மாத்திப் போடச் சொன்னேன், வந்துருச்சு. ஏன்னு அவனும் கேக்கலை, நானும் யோசிக்கலை. மவுஸ் மட்டும் கொஞ்சம் இழுத்து இழுத்து நகருதுன்னான். "பழகிரும்"னு சொன்னேன். (இதுவும் என் பொன்மொழிதான், அவ்வ்வ்.)

அப்புறம் ஒரு கல்யாணம் முடிஞ்சு கார்டுல இருந்த படங்களை ஹார்ட் டிஸ்குக்கு மாத்திக்கிட்டு இருந்திருக்கான். கார்டு, டிஸ்க், மானிட்டர், சார்ஜர் நாலும் அந்த ஒரே ஹப்ல. பாதியில கரண்ட் போச்சு. லேப்டாப்ல பேட்டரி இருக்கு, அது பாட்டுக்கு ஓடுது. ஆனா அந்த நொடியில ஹப் ஒரு தடவை செத்துப் பிழைச்சுது. டிஸ்க் கழண்டு மறுபடி மாட்டின மாதிரி ஆயிருச்சு. திறந்து பார்த்தா அந்தக் கல்யாணத்து ஃபோல்டரே காணோம். இதுல இன்னொரு கொடுமை, பையன் காப்பி பண்ணலை, கட் பண்ணி பேஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்திருக்கான். கார்டுலயும் பாதி போயிருந்துச்சு.

ராத்திரி பதினோரு மணிக்கு அழாத குறையா பேசினான். ரெண்டு நாள் ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு உருட்டினதுல முகூர்த்தப் படங்கள் எல்லாம் வந்துருச்சு. மாப்பிள்ளை அழைப்புல பாதி வரவே இல்லை. பொண்ணு வீட்டுக்காரங்க சத்தம் போட்டுட்டு, பேசின தொகையில 5,000 ரூபாயைக் குறைச்சுக்கிட்டாங்க. அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. அந்த ராத்திரி திரும்ப வராதுல்ல?

கட் பண்ணினது அவன் தப்பு. "எல்லாம் ஒண்ணுதான்"னு சொன்னது என் தப்பு. இந்த ரெண்டையும் ஒத்துக்கிட்டுதான் மூணாவது ஆளைப் பத்திப் பேச வர்றேன். போர்ட்டை எல்லாம் பிடுங்கிட்டு, மிச்சம் வச்ச ரெண்டு போர்ட்டும் என்ன வேலை செய்யும்னு அந்த லேப்டாப் உடம்புல ஒரு இடத்துலகூட எழுதாம வித்தவங்களைப் பத்தி.

இந்தப் பிடுங்கல் புதுசு கிடையாது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். ஆப்பிள் 1992-ல பவர்புக் டுவோன்னு ஒரு லேப்டாப் விட்டாங்க. ஃப்ளாப்பி டிரைவ்கூட உள்ளே கிடையாது, அவ்வளவு ஒல்லி. அதுக்குன்னு டுவோ டாக்னு ஒரு பெரிய பெட்டி தனியா வித்தாங்க. வீடியோ கேசட் பிளேயர்ல கேசட்டைத் தள்ளுற மாதிரி லேப்டாப்பையே அதுக்குள்ள தள்ளினா, மோட்டார் இழுத்து உள்ளே வச்சுக்கும். வெளியே ஒல்லி, வீட்டுக்கு வந்தா முழு கம்ப்யூட்டர். டாக்கிங் ஸ்டேஷன்ங்கற யோசனையே இதுதான். (குரைக்கிற டாக் இல்லை, கப்பல் நிக்கிற டாக். ஹிஹி.)

அதுக்கப்புறம் ஐபிஎம், டெல், ஹெச்பின்னு ஆபீஸ் லேப்டாப் விக்கிறவங்க எல்லாரும் ஆளுக்கொரு டாக் வச்சிருந்தாங்க. அடியில ஒரு நீள கனெக்டர் இருக்கும், லேப்டாப்பை மேல வச்சு அமுக்கினா டக்குனு உட்காரும். அதுல ஒரு நிம்மதி உண்டு. அந்த டாக் அந்த மாடலுக்குன்னே செஞ்சது, உட்கார்ந்துச்சுன்னா வேலை செஞ்சே தீரும். ஆனா கம்பெனி வேற மாடலுக்கு மாறினா அத்தனை டாக்கும் குப்பைக்குப் போகும். எங்க ஆபீஸ் ஸ்டோர் ரூம்ல இன்னும் ஒரு மூலை பூரா அந்த மாதிரி செத்த டாக்குங்கதான் கிடக்கு.

அதனால 2014-ல டைப்-சி வந்தப்போ சந்தோஷப்பட்டதுல நியாயம் இருக்கு. எந்தக் கம்பெனி டாக்கும் எந்தக் கம்பெனி லேப்டாப்புக்கும் பொருந்தும், ஒரே ஒயர்ல சார்ஜ், படம், டேட்டா மூணும் போகும். இன்னைக்கும் ஆபீஸ்ல வந்து உட்கார்ந்து ஒரே ஒரு ஒயரைக் குத்தினதும் ரெண்டு மானிட்டர், கீபோர்டு, நெட்வொர்க் எல்லாம் முழிச்சுக்கறதைப் பார்த்தா எனக்குப் பிடிக்கத்தான் செய்யுது. நான் டைப்-சிக்கு எதிரி இல்லை.

கோளாறு எங்கேன்னா, டைப்-சிங்கறது வெறும் வடிவத்தோட பேரு. நீள்வட்டமா ஒரு வாய், உள்ளே 24 பின். அந்த வாய்க்குப் பின்னாடி என்ன இருக்குங்கறது லேப்டாப் செஞ்சவங்க இஷ்டம். வெறும் டேட்டா மட்டும் இருக்கலாம். டேட்டாவும் சார்ஜும் இருக்கலாம். படமும் சேர்ந்து இருக்கலாம். தண்டர்போல்ட் இருக்கலாம். வெளியில இருந்து பார்த்தா எல்லாம் ஒரே மாதிரிதான். என் தம்பியோட லேப்டாப்ல இடது போர்ட்ல படமும் சார்ஜும் உண்டு, வலது போர்ட்ல டேட்டா மட்டும்தான். இது எங்கே எழுதியிருக்குன்னு தேடினேன். தயாரிச்சவங்க தளத்துல மாடல் நம்பர் போட்டு, ஒரு பிடிஎஃப் இறக்கி, அறுபத்துச் சொச்சம் பக்கம் தள்ளினதுக்கப்புறம் ஒரு வரி. விக்கிற பக்கத்துல வெறும் "2 டைப்-சி". அது பொய் இல்லைதான். ஆனா இடம் விக்கிறவன் "ரெண்டு கிணறு இருக்கு"ன்னு சொல்லிட்டு, ஒண்ணுல தண்ணி இல்லைங்கறதைச் சொல்லாம விட்ட கதைதான்.

மவுஸ் இழுத்த கதைக்கும் இதுதான் காரணம். டைப்-சிக்குள்ள வேகமான பாதை மொத்தம் நாலு. நாலையும் படத்துக்குக் கொடுத்தா 4கே மானிட்டர் நொடிக்கு 60 தடவை ஜோரா ஓடும், ஆனா யூஎஸ்பி பழைய 480 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிடும். ரெண்டைப் படத்துக்கும் ரெண்டை யூஎஸ்பிக்கும் பிரிச்சா டேட்டா வேகமா போகும், ஆனா விலை குறைஞ்ச ஹப்ல பெரும்பாலும் இருக்கற பழைய டிஸ்ப்ளேபோர்ட் வேகத்துக்கு அந்த ரெண்டு பாதை 4கே 60-க்குப் பத்தாது. 30-தான் வரும். மவுஸ் இழுக்கும். ஹப் அட்டைப் பெட்டி மேல "4கே"ன்னு பெரிசா போட்டிருப்பாங்க. அந்த 30 எங்கே இருக்குன்னு பூதக்கண்ணாடி வச்சுத் தேடணும்.

கரண்ட் போனப்போ நடந்ததுக்கு வர்றேன். சார்ஜரை ஹப் வழியா போட்டா, சார்ஜர் ஹப்புக்கும் சேர்த்து சாப்பாடு போடுது. அது திடீர்னு நின்னா இனிமே லேப்டாப்தான் ஹப்புக்கு ஊட்டணும். அதாவது கொடுக்கறவங்களும் வாங்கறவங்களும் இடம் மாறணும். இதைக் கண் இமைக்கறதுக்குள்ள மாத்தறதுக்கு யூஎஸ்பி பவர் டெலிவரி தரநிலையிலேயே ஃபாஸ்ட் ரோல் ஸ்வாப்னு ஒரு ஏற்பாடு எழுதி வச்சிருக்காங்க. ஆனா எல்லா ஹப்லயும் அது இருக்கணும்னு கட்டாயம் இல்லை, மலிவு ஹப்புங்கள்ல பெரும்பாலும் இருக்காது. மாத்திக்கற அந்த இடைவெளியில ஹப் அணைஞ்சு எரியும். மானிட்டர் கண் சிமிட்டினா பரவாயில்லை. எழுதிக்கிட்டு இருக்கற டிஸ்க் கண் சிமிட்டினா? அதுவும் அவன் டிஸ்க் எக்ஸ்ஃபேட். ஸ்டுடியோ மேக்லயும் இவன் விண்டோஸ்லயும் ரெண்டுலயும் ஓடணும்னு அப்படி வச்சிருந்தான். அதுல பாதியில அறுந்தா சரி பண்ணிக்கறதுக்கான குறிப்பேடு எதுவும் கிடையாது. சார்ஜரை நாமளே கையால பிடுங்கினாலும் இதேதான் நடக்கும். உங்க வீட்லயும் டிஸ்கும் சார்ஜரும் ஒரே ஹப்ல இருந்தா இன்னைக்கே பிரிச்சு வச்சிருங்க.

நம்ம ஆளுங்களே கேப்பாங்க: "நல்ல டாக்கா வாங்க வேண்டியதுதானே?" தண்டர்போல்ட் டாக் நல்லாதான் இருக்கும், நானே ஆபீஸ்ல பயன்படுத்தறேன். ஆனா நம்ம ஊர்ல அது 20,000 ரூபாயைத் தாண்டும். முன்னாடி லேப்டாப்புக்குள்ளயே இருந்த கார்டு ஸ்லாட்டையும் ஹெச்டிஎம்ஐயையும் திரும்ப வாங்கறதுக்கு அந்தக் காசா? அதைக் கொடுத்து வாங்கினாலும் லேப்டாப்ல தண்டர்போல்டோ யூஎஸ்பி4-ஓ இல்லைன்னா அதோட முழு பலன் கிடைக்காது, சில டாக் வேலையே செய்யாது. இந்த ஹப்பு, டாக்கு வியாபாரத்துல ஒரு பங்கு இந்தக் குழப்பத்துல இருந்துதான் பொழைக்குது. முதல்ல 1,800-க்கு ஒண்ணு, அது சரியில்லைன்னு 4,000-க்கு இன்னொண்ணு, கடைசியில பெரிசு. எனக்குத் தெரிஞ்ச பொட்டி தட்டுற கூட்டத்துல முக்கால்வாசிப் பேர் மேஜை டிராயர்ல வேலைக்கு ஆகாத ரெண்டு ஹப்பாவது தூங்கிட்டு இருக்கு. எண்ணிப் பார்த்துட்டு நீங்க சொல்லுங்க.

பெரிய பேர் போட்ட லேப்டாப்காரங்களும் தப்பலை. 2020-ல வந்த எம்1 மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் தாங்கும். 2022-ல வந்த எம்2 ஏரும் அப்படித்தான். 2024-ல எம்3 வந்தப்போ ரெண்டு மானிட்டர் உண்டு, ஆனா மூடியைச் சாத்தி வைக்கணும். 2025-ல எம்4 வந்ததுக்கப்புறம்தான் மூடி திறந்தபடியே ரெண்டு. நடுவுல பல பேர் "ரெண்டு ஹெச்டிஎம்ஐ" போட்ட ஹப்பை வாங்கி மாட்டினா ரெண்டு மானிட்டர்லயும் ஒரே படம். அந்த ஹப்புங்க எம்எஸ்டிங்கற முறையில ஒரே ஒயர்ல ரெண்டு படம் அனுப்பறவை. விண்டோஸ்ல அது ரெண்டா விரியும், மேக்கோஎஸ் அதை விரிக்காது. டிஸ்ப்ளேலிங்க் சிப் போட்ட டாக் வாங்கினா சமாளிக்கலாம். ஆனா அது படத்தை மென்பொருள்ல சுருக்கி யூஎஸ்பி வழியா அனுப்பற வித்தை. தனியா டிரைவர் போடணும், பிராசஸர் உழைக்கணும், காப்பு போட்ட சினிமாவைத் திறந்தா கருப்புத் திரைதான்.

ஒல்லியா இருக்கணும்னா வேற வழி இல்லைன்னு ஒரு வாதம் உண்டு. பாதியை ஒத்துக்கறேன். நெட்வொர்க் ஒயர் போடற அந்தத் தடி சாக்கெட்டை எடுத்தது நியாயம், அது நிஜமாவே தடி. ஹெச்டிஎம்ஐயும் கார்டு ஸ்லாட்டும் அப்படி இல்லை. இதுக்கு சாட்சி ஆப்பிளேதான். 2016 மேக்புக் ப்ரோல எல்லாத்தையும் எடுத்துட்டு டைப்-சி மட்டும் வச்சாங்க. கிளம்பின சத்தத்துல அந்த வருஷமே அடாப்டர் விலையைத் தற்காலிகமா குறைக்க வேண்டி வந்துச்சு, 19 டாலர் அடாப்டர் 9 டாலருக்கு வந்துச்சு. 2021-ல புது மேக்புக் ப்ரோல ஹெச்டிஎம்ஐயும் கார்டு ஸ்லாட்டும் திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்துக்கிச்சு. இடம் இருந்துச்சுன்னுதானே அர்த்தம்?

சரி, போர்ட்டைக் குறைக்கறது அவங்க இஷ்டம், விருப்பம் உள்ளவங்க வாங்கட்டும். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு போர்ட் பக்கத்துலயும் அது என்ன செய்யும்னு அச்சடிக்கணும். விக்கிற பக்கத்துல, விலைக்குப் பக்கத்துல அதையே போடணும். விருப்பப்பட்டா போடலாம்ங்கற கதையெல்லாம் வேண்டாம், கட்டாயமா இருக்கணும்.

தரநிலை வைக்கிறவங்களை நம்பி விட்டா என்ன ஆகும்னு பார்த்தாச்சு. 2008-ல யூஎஸ்பி 3.0ன்னு வந்தது 2013-ல 3.1 ஜென் 1 ஆச்சு, 2017-ல 3.2 ஜென் 1 ஆச்சு. வேகம் மூணுலயும் அதே 5 ஜிபிபிஎஸ்தான். பேரை மாத்தி மாத்தி வச்சே பழசைப் புதுசா வித்தாங்க. 2022-ல அவங்களுக்கே புத்தி வந்து, இனிமே வேகத்தை மட்டும் போட்டா போதும், யூஎஸ்பி 10ஜிபிபிஎஸ், யூஎஸ்பி 40ஜிபிபிஎஸ்னு எழுதுங்கன்னு லோகோ கொடுத்தாங்க. நல்ல லோகோதான். கடையில போய் பத்து லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்க, எத்தனைல அது இருக்குன்னு. ஐரோப்பாவுல சட்டமே போட்டாங்க. போன்களுக்கு 2024 டிசம்பர் 28, லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28-ன்னு தேதி வச்சு, டைப்-சில சார்ஜ் ஆகணும், எத்தனை வாட்னு பெட்டி மேல போடணும்னு சொன்னாங்க. அது நல்லதுதான், ஆனா சார்ஜோட நின்னுருச்சு. படம் வருமான்னு அது சொல்லாது. மைக்ரோசாஃப்ட் 2025-ல கொஞ்சம் உருப்படியா ஒண்ணு செஞ்சாங்க. விண்டோஸ் 11 24ஹெச்2-க்குச் சான்று வாங்கற லேப்டாப்ல டைப்-சி இருந்தா அத்தனையிலயும் டேட்டா, சார்ஜ், ஒரு மானிட்டருக்குப் படம் மூணும் குறைஞ்சபட்சம் இருக்கணும்னு விதி வச்சாங்க. அந்த விதி முன்னாடியே இருந்திருந்தா என் தம்பியோட வலது போர்ட் மொட்டையா வந்திருக்காது. ஆனா பழைய லேப்டாப் எல்லாம் இன்னும் பத்து வருஷம் ஊருக்குள்ள ஓடத்தான் போகுது.

லேபிள் ஒட்டினா மட்டும் எல்லாம் மாறிருமான்னு கேக்காதீங்க. ஃப்ரிட்ஜ், ஏசி மேல ஒட்டற ஸ்டார் லேபிள் 2006-ல வந்தப்போ எங்க வீட்ல யாரும் மதிக்கலை. இப்போ எங்கம்மா கடையில நுழைஞ்சதும் கலரைப் பார்க்கறதுக்கு முன்னாடி "எத்தனை ஸ்டார்ப்பா?"ன்னுதான் கேக்கறாங்க. அவங்களுக்கு கம்ப்ரஸர் எப்படி ஓடுதுன்னு தெரியாது, தெரியவும் வேண்டாம். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்ல எத்தனை கிராம்னு போடலைன்னா கேஸ் போட முடியற நாட்டுல, 70,000 ரூபாய் லேப்டாப்ல இருக்கற ரெண்டே ரெண்டு போர்ட்டுக்கு ஒரு விளக்கம் கிடையாது.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ அவன் மேஜையை உட்கார்ந்து சரி பண்ணினோம். புது டாக் வாங்கித் தர்றேன்னு சொல்லித்தான் போனேன், குற்ற உணர்ச்சி. அந்த 60 பக்க பிடிஎஃப்பை ஒழுங்கா படிச்சதுக்கப்புறம்தான் தெரிஞ்சுது, டாக்கே தேவையில்லை. மானிட்டரும் சார்ஜரும் கார்டும் ஹப்ல, அது இடது போர்ட்ல. ஹார்ட் டிஸ்க் மட்டும் ஹப் பக்கமே போகாம நேரா வலது போர்ட்ல, 150 ரூபாய் கன்வெர்ட்டர் போட்டு. படம் வராத அந்த மொட்டை போர்ட்டுக்கு ஏத்த வேலையே அதுதான். இப்போ கரண்ட் போனாலும் கார்டைப் படிக்கறதுதான் நிக்கும், எழுதற டிஸ்க் அசையாது. சார்ஜரை ரெண்டு மூணு தடவை பிடுங்கிப் போட்டுப் பார்த்தோம். மானிட்டர் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது, டிஸ்க் லைட் அது பாட்டுக்கு மினுக்கிக்கிட்டே இருந்துச்சு. ஹப்பை வயர்லெஸ் மவுஸ் ரிசீவர்ல இருந்து கொஞ்சம் தள்ளி வச்சதுல மவுஸ் தொந்தரவும் பாதி குறைஞ்சுது. யூஎஸ்பி 3 போடற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல போய் விழும்னு இன்டெல் 2012-லயே எழுதி வச்சிருக்காங்க. மிச்சம் பாதி அந்த 30, அது போகாது.

ஆக, வாங்கின அன்னைக்கே எது எந்த போர்ட்னு தெரிஞ்சிருந்தா அந்த 5,000 ரூபாயும் போயிருக்காது, அந்தப் படங்களும் போயிருக்காது. சித்திகிட்ட 5,000 ரூபாயைக் கொடுத்துட்டு வந்தேன். அவன்கிட்ட கொடுத்தா வாங்க மாட்டான்.

நான் பஸ் ஏறினதுக்கப்புறம் வாட்ஸப்ல ஒரு போட்டோ அனுப்பினான். ஆல்பம் பெட்டி மேல ஒட்டற வெள்ளை ஸ்டிக்கரைச் சின்னதா வெட்டி லேப்டாப்ல ஒட்டியிருக்கான். இடது பக்கம் "படம், சார்ஜ்". வலது பக்கம் "டிஸ்க் மட்டும்". பால் பாயிண்ட் பேனா, கோணல் கையெழுத்து.